படியேற இரண்டு இழுப்பு

மூச்சு முட்டுகிறது என்று யாரும் அந்த இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். கல்லாற்றுப் பாலத்தருகே அன்னாசி நறுக்கி விற்கிறவர், "நெஞ்சுக்குள்ள யாரோ கதவைப் பாதி சாத்திட்டுப் போயிட்டாங்க" என்றார். தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த கொத்தனார், "உள்ள போன காத்துக்கு வெளிய வர வழி தெரியல" என்றார். கரமனையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு மாமி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "கார்த்தாலேர்ந்து உள்ள யாரோ சுருதி சேத்துண்டே இருக்கா. பாடத்தான் மாட்டேங்கறா" என்றார். டாக்டர் இதையெல்லாம் ஒரே வார்த்தையில் எழுதிவிடுவார். எனக்கு அது பொறுக்காது. பழைய ஓ.பி. சீட்டுகளின் பின்பக்கத்தில் அவரவர் சொன்னபடியே எழுதி வைத்துக்கொள்வேன்.

எழுதி வைக்கிற அளவுக்கு நான் படித்தவள் இல்லை. எட்டாம் வகுப்பு வரை, அதுவும் மலையாளத்தில். அப்பா திருநெல்வேலியிலிருந்து கரமனைக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவர். வீட்டில் பேசியது தமிழ், பள்ளியில் எழுதியது மலையாளம். தமிழ் எழுத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு நானாகவே பிடித்துக்கொண்டேன். கல்லாற்றில் எங்கள் டீக்கடையில் வடை மடிக்க வாங்கிப் போட்ட பழைய தமிழ் வாரப் பத்திரிகைகள்தான் வாத்தியார். பேச்சை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "இவ வாயை மூடினா கடைக்கு லீவுன்னு நெனச்சு ஆளுங்க திரும்பிப் போயிடும்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

கல்லாற்றுக்குக் கீழே, பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே கூட்டிப் பெருக்கவும் சீட்டு எடுத்துக் கொடுக்கவும் தற்காலிகமாகச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் மூச்சு அளக்கிற மெஷின் வந்தது. ஒரு சின்னப் பெட்டி, ஒரு குழாய், அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். அதற்காகவே பயிற்சி எடுத்து வந்த நர்ஸ், நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடுகிறவர், மெதுவாகப் பேசுகிற மலையாளப் பெண். முதல் வாரம் ஒரு தமிழ் அண்ணாச்சியை உட்கார வைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டி, "ஊதிக்கோ, ஊதிக்கோ" என்கிறார். அவர் டீயை ஆற வைப்பதுபோலப் பூவாக ஊதுகிறார். மறுபடி ஊதச் சொன்னால் மறுபடியும் பூதான். நான் அப்போது அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல், "அண்ணாச்சி! டீ ஆத்தாதீங்க! மாமியார் வீட்டு மேல இருக்குற கோவத்தை மொத்தமா இதுக்குள்ள விடுங்க!" என்று கத்தினேன். மனிதர் விட்டார் பாருங்கள், கம்ப்யூட்டரில் கோடு மலைபோல எழும்பியது. சிஸ்டர் என் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கி ஓரமாக வைத்தார். என்னை அவர் சேச்சி என்றுதான் கூப்பிடுவார்; இனி சேச்சி இங்கே நின்றால் போதும் என்றார். அன்றிலிருந்து ஊத வைப்பது என் வேலையாயிற்று.

சோதனை பார்க்க எளிது. மூச்சை முடிந்த மட்டும் உள்ளே இழுக்க வேண்டும். குழாயை உதட்டால் இறுக்கிக் கவ்வ வேண்டும். பிறகு ஒரே அடியாக வெளியே தள்ளி, இனி உள்ளே ஒன்றுமில்லை என்கிறவரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு காற்று வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று மெஷின் பிரித்துச் சொல்லும். நெஞ்சுக்குள் இருக்கிற குழாய்கள் சுருங்கியிருந்தால் முதல் நொடிக் கணக்கு குறையும். நல்லதாக மூன்று ஊது கிடைத்த பிறகு மருந்தை இழுக்க வைத்து, இருபது நிமிஷம் உட்கார வைத்து, மறுபடி மூன்று. மருந்துக்குப் பிறகு கோடு நன்றாக ஏறினால், சுருங்கி விரிகிற குழாய், ஆஸ்துமா என்று டாக்டருக்குப் பிடி கிடைக்கும்.

ஊத வருகிறவர்கள்தான் பலவிதம். டெஸ்ட் என்றால் ரத்தம்தான் என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்து, ஊதத் தெம்பில்லாமல் கண் செருகியவர்கள் உண்டு. அவர்களுக்காகவே என் பையில் கடை இட்லி ஒரு பொட்டலம் இருக்கும். கரமனை மாமி, "ஆம்பிளைகள் நடமாடற எடத்துல இப்படி வாயைத் திறந்துண்டா?" என்று ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். திரை விழுந்ததும் அவர் ஊதிய வேகத்தில் கிளிப் மூக்கிலிருந்து தெறித்து சிஸ்டர் மடியில் விழுந்தது.

ஒன்றை மட்டும் எல்லாரிடமும் கண்டிப்பாகக் கேட்பேன். "இன்னைக்குக் காலையில பம்பு அடிச்சீங்களா?" இன்ஹேலரைத்தான் எங்கள் பக்கம் பம்பு என்பார்கள். அதை இழுத்துவிட்டு வந்தால் குழாய்கள் விரிந்து கிடக்கும். மெஷினுக்குச் சீக்கு தெரியாது. ஆரோக்கியமான ஆள் என்று சொல்லிவிடும்.

கல்லாற்றுக்கு மேலே மலையில் இருக்கிற பொன்முடி எஸ்டேட்டிலிருந்து அவள் முதலில் வந்தது மழை விட்டிருந்த ஒரு மாதத்தில். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கிற இடத்தில் வேலை. காய்ந்த தேயிலையைச் சல்லடையில் ஓட்டித் தரம் பிரிப்பார்கள். தலைமுடி, புருவம், சேலை மடிப்பு என்று எல்லாவற்றிலும் தூள் அப்பிக்கொள்ளும். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "திங்கக்கிழமை சாயங்காலம் நெஞ்சுல ஒரு சல்லடை கெடக்குது அக்கா. சனிக்கிழமைக்குள்ள அது சாக்கு மூட்டையா ஆயிரும்" என்றாள். அதைக் கேட்டதுமே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

அவளுக்கு வேண்டியது டாக்டர் கையெழுத்திட்ட ஒரு கடிதம். தேயிலை நாற்று வளர்க்கிற பண்ணைக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறாள். அவர் எல்லார் முன்னாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, புஸ் புஸ் என்று இழுத்துக் காட்டினாராம். "இப்படி இழுக்க எனக்கும் தெரியும். டாக்டர் எழுதிக் குடுத்தா மாத்துதேன், இல்லாட்டி நாடகக் கம்பெனிக்குப் போ" என்றாராம். கூட நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

இதை அவளும் சிரித்தபடியேதான் சொன்னாள். அவர் இழுத்த மாதிரியே இழுத்தும் காட்டினாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேலை மாத்தாட்டிக் கூடப் போகட்டும் அக்கா. நடிக்கேன்னு சொன்னாரு பாருங்க. அதுக்கு ஒரு காயிதம் வேணும்" என்றாள்.

பம்பு அடித்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவள் சீட்டிலும் அப்படி ஒரு மருந்து எழுதியிருக்கவில்லை. உட்கார வைத்து ஊதச் சொன்னேன். அருமையாக ஊதினாள். கோடு மலைபோல எழும்பி ஒழுங்காக இறங்கியது. மருந்து கொடுத்த பிறகும் அதே மலை. டாக்டர் இளம் பெண். மலையாளத்தில்தான் பேசுவார், தோளில் கை வைத்துப் பேசுவார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். சுத்தமாக இருந்தது. மெஷினில் ஒன்றும் தெரியவில்லை, பயப்பட வேண்டாம் என்றார்.

நான் தமிழில் சொன்னதும் அவள் மெஷினை ஒரு பார்வை பார்த்தாள். "இதுவும் சூப்பர்வைசர் ஆளா அக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி வரச்சொன்னார் டாக்டர். மறுபடியும் நான் கேட்டேன், மறுபடியும் இல்லை என்றாள், மறுபடியும் மலை. இதயத்துக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்தார்கள், நன்றாக இருந்தது. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். மனசில் டென்ஷன் இருந்தாலும் இப்படி இழுக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நான் எவ்வளவோ தேன் தடவித்தான் சொன்னேன்.

"டென்ஷன் சல்லடைகிட்ட மட்டுந்தான் வருமா அக்கா?" என்று கேட்டாள். பையை எடுத்துக்கொண்டாள். "ரெண்டு நாள் லீவு போட்டாச்சு. மூணாவது தடவை வந்து இதே பதிலோட போனேன்னா, அவரு சொன்னது நெசம்னு ஆயிரும். இனி வரமாட்டேன்."

போய்விட்டாள். சனிக்கிழமை சாக்கு மூட்டையைப் பற்றி அப்படிச் சொன்ன ஒருத்தி பொய் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. மெஷினும் பொய் சொல்லாது என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் எங்கே இடறுகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

மாதம் ஒரு நாள் எஸ்டேட்டில் மருத்துவ முகாம் இருக்கும். அந்த மாத முகாமுக்கு சிஸ்டரும் நானும் மருந்துப் பெட்டிகளோடு முதல் பஸ்ஸில் மேலே போனோம். அந்த பஸ் அங்கேயே திரும்பி உடனே இறங்கும். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் ரோட்டுக்குக் கீழே சரிவில் இருக்கின்றன. அங்கிருந்து ரோட்டுக்கு வர ஒரு நீண்ட படிக்கட்டு, செங்குத்தானது, மழையில் பாசி பிடித்தது. நான் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மேல்படியில் நின்று கீழே பார்த்தேன்.

படிக்கட்டின் பாதியில் ஒரு தட்டையான பாறை. அதன் மேல் லயத்துக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எங்கள் நிலையம் கொடுத்த மருந்துக் கார்டைக் காட்டி மாதாமாதம் பம்பு வாங்குகிறவள். பஸ்ஸைப் பிடிக்க மூன்று பெண்கள் ஏறி வந்தார்கள். பாறை வந்ததும் முதல் பெண் நின்றாள். உட்கார்ந்திருந்தவள் மடியிலிருந்து பம்பை எடுத்து நீட்டினாள். அவள் இரண்டு இழுப்பு இழுத்து, வாய்ப்பக்கத்தை முந்தானையால் துடைத்து, அடுத்தவளிடம் கொடுத்தாள். அவளும் இரண்டு.  வெற்றிலை மாற்றிக்கொள்வதுபோல அவ்வளவு சாதாரணமாக நடந்தது.

மூன்றாவதாக வாங்கி இழுத்தவள், இனி வரமாட்டேன் என்று போனாளே, அவள். இழுத்துவிட்டுக் கண்ணை மூடி மூச்சை அடக்கி நின்றாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேலே ஏறி வந்தாள். கடைசிப் படியில் நான் நின்றிருந்தேன்.

"அக்கா… அது சும்மா" என்றாள்.

"பம்பைச் சும்மா அடிப்பாங்களா? ஆஸ்பத்திரிக்கு வந்தியே, அன்னைக்கும் இதானா?"

டிரைவர் ஹார்ன் அடித்தார். அவள் அவசரமாகப் பேசினாள். "பின்ன என்ன செய்ய? இது இல்லாட்டிப் பாதிப் படியில உக்காந்துருவேன். பஸ்ஸு போயிரும். ஆஸ்பத்திரிக்கு வரணும்னா படி ஏறணும், படி ஏறணும்னா இது வேணும்."

"நான் ரெண்டு தடவை கேட்டேனே. இல்லேன்னு சொன்னியே, எதுக்கு?"

அவள் கீழே பாறையைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "சொன்னா அவ கார்டை வாங்கிருவீங்கல்லா."

"ஆரு சொன்னா அப்படி?"

"நீங்கதான் அக்கா."

அவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.  அப்படியே படியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. போன வருஷத்து முகாமில் பம்பு கொடுக்கும்போது, இதை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள வேண்டாம், அளவு ஆளுக்கு ஆள் வேறு, சளிக் கிருமியும் ஒட்டும் என்று தமிழில் சொல்லச் சொன்னார் சிஸ்டர். அது எனக்கு உப்பு காரம் இல்லாத பேச்சாக இருந்தது. நான் என் பங்குக்குச் சேர்த்தேன். "வேற ஆருக்காவது குடுத்தது தெரிஞ்சா கார்டையே பிடிச்சு வெச்சிடுவாங்க, கேட்டோ! அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போனாக்கூட ஒரு சொட்டு மருந்து கிடைக்காது!" அப்படி ஒரு விதியே கிடையாது. கூட்டம் கப்பென்று அடங்கியது. என் பேச்சு எப்படி எடுபடுகிறது பார் என்று அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாறையில் இருந்தவள் மேலே ஏறி என் முன்னால் வந்து நின்றாள். "என்ன அக்கா, எழுதிக்கிட்டுப் போகப் போறீங்களா?"

"ஒண்ணும் எழுதலை. அப்படிச் சட்டமே இல்லை. அன்னைக்கு நான் சும்மா சொன்னது."

"சும்மாவா!" அவள் இடுப்பில் கை வைத்தாள். "அதுக்குப் பயந்து ஒரு வருசமா பம்பை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சிட்டிருக்கோம்! முகாமுக்கு நீங்க வர்ற அன்னைக்கு இந்தப் பாறைப் பக்கமே வர மாட்டோம்; இன்னைக்கு முகாமுன்னு மறந்துட்டோம். அந்த மூக்குல மாட்டுற கிளிப்பை உங்க வாய்க்கு மாட்டணும் அக்கா."

அவள் சொன்னது எனக்கு உறைக்க வேண்டிய இடத்தில் உறைத்தது. அதைவிட உறைத்தது வேறு. இரண்டு தடவை லீவு போட்டு, மலையிறங்கி வந்து, நடிக்கவில்லை என்கிற காயிதத்துக்காக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், நான் கேட்டபோது ஒரே வார்த்தையில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாறையில் இருந்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு மருந்து நின்றுவிடக் கூடாது என்று தன் காயிதத்தையே விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றிய பகுதியை விழுங்கிவிடலாம் என்று வாசல் வரை நினைத்துக்கொண்டுதான் போனேன். உள்ளே போனதும் அதுதான் முதலில் வந்தது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "எந்தினா சேச்சி அங்ஙனெ பறஞ்ஞது?" என்றார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கிறார்; பேச்சு எடுபட வேண்டும் என்றுதான் என்றேன். அவர் திட்டவில்லை. அவளுடைய இரண்டு தாள்களையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெஷின் சரி என்று சொன்னதும் தானும் அவள் சொல்வதைக் கேட்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

சோதனை அன்று காலையில் படியேறாமல் அவளைக் கொண்டுவர வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருந்தது. முந்தைய நாள் மாலையே பம்பு அடித்துப் படியேறி, பஸ்ஸில் இறங்கி வந்து எங்கள் வீட்டில் தங்கட்டும்; எங்கள் கடைக்கு நேர் எதிரே பஸ் நிற்கும், ஏற்றம் கிடையாது. டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. ரொம்ப முட்டினால் அந்த நிமிஷமே பம்பைக் கொடுத்துவிட வேண்டும், சோதனை பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்று ஒரு புதுப் பம்பை என் பையில் போட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரியின் போனில் அவளைப் பிடித்தேன். வரமாட்டேன் என்றாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். கார்டை யாரும் தொடமாட்டார்கள் என்று டாக்டரே சொன்னதைச் சொன்னேன். அதற்கும் அசையவில்லை. "நீ வரலேன்னா நான் மேல வந்து உங்க சூப்பர்வைசர்கிட்ட நேரா பேசிக்கிறேன்" என்றேன்.

"ஐயோ வேணாம் அக்கா! நீங்க பேசினா இருக்குற வேலையும் போயிரும். நானே வாரேன்."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வந்தாள். ஐந்து நாள் சல்லடைத் தூள் உள்ளே இருந்தது. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்க. சீழ்க்கைச் சத்தம் அடுப்படிவரை கேட்டது. என் வீட்டுக்காரர் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார். வழக்கமாக வரும் ஜீப் டிரைவர் வடை கேட்டதற்கு, "இன்னைக்குப் புகை கிடையாது. டீ குடிச்சிட்டுப் போ" என்றார். அவன் டீயை வாங்கிக்கொண்டு வெளியே போய் நின்றான். அவளைப் பார்த்திருப்பான்.

நான் பம்பை எடுத்து நீட்டினேன். "அடிச்சிரு. டெஸ்ட் கெடக்கட்டும், இன்னொரு நாள் பாக்கலாம்."

தலையை ஆட்டினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே ஒரு மூச்சு வாங்கினாள். "இன்னைக்கு… வந்து… நிக்குது அக்கா. அந்த மெஷினும்… ஒரு தடவை… பாக்கட்டும்." பம்பை என் பையிலேயே வைத்து ஜிப்பை மூடச்சொல்லிக் கை காட்டினாள். நான் மூடினேன், ஆனால் ஜிப்பின் நுனியை விடாமல் பிடித்துக்கொண்டேதான் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் உதடு நீலம் பாய்கிறதா, நகம் எப்படி இருக்கிறது என்று அவள் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன்.

சிஸ்டர் தயாராக இருந்தார். கிளிப் மாட்டினார். அவள் குழாயைக் கவ்வினாள். நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று வாயைத் திறந்தேன். மாமியாரும் வரவில்லை, டீயும் வரவில்லை. குழாயைக் கவ்வியபடியே அவள் என்னைப் பார்த்தாள்.

"தள்ளு" என்றேன். "தள்ளு. இன்னும் இருக்கு, தள்ளு. விடாதே. இன்னும் கொஞ்சம்."

அவ்வளவுதான் சொன்னேன். தள்ளினாள். இருமல் வந்தது. தண்ணீர் குடித்து, கொஞ்சம் ஆறி, மறுபடி தள்ளினாள். நல்லதாக மூன்று கிடைக்க ஐந்து தடவை ஊத வேண்டியிருந்தது. கோடு கொஞ்சம் எழும்பி, உடனே கயிறு தளர்ந்த கட்டில்போல நடுவில் தொய்ந்து விழுந்தது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோல அதே தொய்வு. சிஸ்டர் எழுந்துபோய் டாக்டரைக் கூட்டி வந்தார். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரத்தைக் கடத்தாமல் மருந்தை ஒரு பெரிய பிளாஸ்டிக் குழல் வழியாக நான்கு தடவை இழுக்க வைத்தார்.

அந்த இருபது நிமிஷம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் தோள் இறங்கியது. பிறகு வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்தன. "உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வடை சுடல, என்னாலதான" என்று ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். மறுபடி ஊதினாள். மலை.

டாக்டர் இரண்டு கோடுகளையும் ஒரே திரையில் காட்டினார். இதில் எது நான் என்று கேட்டாள். இரண்டும் நீங்கள்தான் என்றார் டாக்டர். மேலே இருப்பது மருந்தோடு, கீழே இருப்பது மருந்து இல்லாமல். பிறகு அவள் கேட்காமலே ஒன்று சொன்னார், நான் தமிழில் சொன்னேன்: "நடிக்கிறவங்க ஊதினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருமாம். உனக்கு மூணும் அச்சடிச்ச மாதிரி வந்திருக்கு."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கீழே தொய்ந்து கிடந்த கோட்டின் மேல், கண்ணாடியைத் தொடாமல், விரலை ஓட்டினாள்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. இவருக்கு ஆஸ்துமா இருக்கிறது, தூசியில் கூடுகிறது என்று தெரிகிறது, தூசி இல்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், மாதாமாதம் பார்க்க வேண்டும். டாக்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல். அவள் கேட்டாள், "நடிக்கலேன்னு அதுல இருக்கா அக்கா?"

"அந்த வார்த்தை இல்லை."

கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "செரி. எம் பேரு சரியா இருக்கா?"

"இருக்கு."

அவள் பெயரிலேயே ஒரு கார்டும் ஒரு பம்பும் அன்றே கொடுத்தார்கள். அடுத்த முகாமில் நான் லயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, போன வருஷம் கார்டைப் பற்றிச் சொன்னது நானாகக் கட்டியது என்று சொன்னேன். சிரித்தார்கள். ஒருத்தி, "அப்ப உப்பைக் குறைக்கச் சொன்னதும் உங்க கட்டுக்கதையா?" என்றாள். அது நிஜம், அது நிஜம் என்று நான் கத்த வேண்டியிருந்தது. அன்று பாறையில் நின்று இழுத்த மற்ற இரண்டு பெண்களும் தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள்.

அவள் கடிதத்தைக் கொடுத்து இரண்டு வாரம் எஸ்டேட்டிலிருந்து ஒரு பதிலும் இல்லை. பிறகு நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள், தற்காலிகமாக என்று சொல்லி. அடுத்த மாதம் சோதனைக்கு வந்தபோது அவள் நகக்கண்ணில் தூளுக்குப் பதில் செம்மண் இருந்தது. மூச்சு எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். "அதைப் பாக்குறதில்ல டாக்டர். அது பாட்டுக்கு வருது போகுது" என்றாள்.

அறைக்கு வெளியே வந்ததும் அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன். "உங்க சூப்பர்வைசர் என்ன சொன்னாரு? காயிதத்தைப் பாத்துட்டு?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமே சொல்லலையா? இழுத்துக் காட்டினாரே, அந்த வாய்!"

"ஒண்ணுஞ் சொல்லல அக்கா. கண்ணாடியப் போட்டாரு. எந்திரிச்சு நின்னாரு. ரெண்டு கையாலயும் வாங்குனாரு." எப்படி வாங்கினார் என்று தன் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டிக் காட்டினாள். எதிரே பஸ் வந்து நின்றது. ஓட்டமும் நடையுமாக ரோட்டைக் கடந்து ஏறினாள். ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, எனக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று நினைத்தவளைப்போல மறுபடியும் அந்த இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள்.